சத்ரியாவுக்குள் புகுந்த டர்போ – ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தேடி வீட்டிற்கு வந்தார். மகன் நன்றாகத்தான் இருக்கிறான். வாகனப் பட்டறை ஒன்றில் வேலை, கைநிறையச் சம்பாதிக்கிறான். மூன்று ஆண்டுகள் சேமித்து ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ மகிழுந்தை வாங்கியிருக்கிறான். இப்போது அதிலுள்ள நல்ல இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டர்போ இயந்திரம் ஒன்றைப் பொருத்தப் போகிறானாம். "சார், இவன் அப்பாவையும் ரோட்டுலதான் பறிகொடுத்தேன். நீங்க சொன்னா கேட்பான். ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

என்ன சொல்வது? எனக்கு மகிழுந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எண்ணெய் ஊற்றுவதும் சாலை வரி கட்டுவதும்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வரலாறு போதித்த விரிவுரையாளர், 'ஒன்றைத் தடுக்கப் புகுமுன் அது எப்படி வந்தது என்று கேள்' என்பார். ஆகவே அந்த அம்மாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தும், பட்டறைக்காரர்களைக் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். பெற்றோர்களாகிய நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

டர்போ என்றால் என்ன?

மகிழுந்தின் இயந்திரம் எரிபொருளை மட்டும் உண்டு வாழ்வதில்லை. காற்றும் அதற்கு உணவு. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று அங்கே பாய்கிறது. நாம் மூச்சு இழுப்பதைப் போன்றதே இது. இவ்வாறு தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தை இயல்மூச்சு இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு முயன்றாலும் வெளியிலுள்ள காற்றழுத்தத்தை ஒட்டிய அளவுதான் அதற்குள் காற்று புகும்.

டர்போ என்பது இரண்டு சிறு சக்கரங்களை ஒரே தண்டில் கோத்த கருவி. இயந்திரம் வெளியேற்றும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்திற்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையைக் கொண்டு கூடுதல் காற்றை ஊட்டுகிறார்கள். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், வலிமை பெருகும். அந்தத் தண்டு ஒரு நிமிடத்தில் 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இதற்குக் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. ஆண்டு 1905. ஆனால் அவர் எண்ணியது கைகூட இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925-இல் தான் டீசல் இயந்திரம் ஒன்றின் வலிமையை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்த்திக் காட்டினார். அதன் பின்னர் கப்பல்கள் அதனை ஏற்றுக்கொண்டன.

இடையில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் வேறொரு தேவைக்காக இதே கருவியைக் கையிலெடுத்தார். முதல் உலகப் போர்க்காலம் அது. விமானம் உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். இயந்திரம் மூச்சுத் திணறும். 1918-இல் மாஸ், லிபர்ட்டி என்னும் விமான இயந்திரத்தை லாரியில் ஏற்றிக் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் மலையுச்சிக்கு, சுமார் 4300 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த இயந்திரம் அங்கே 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்தபோது 356 குதிரைத்திறன் கிடைத்தது. இழந்த மூச்சைத் திருப்பித் தருவதற்கென்றே டர்போ அன்று பயன்பட்டது. இயற்கை தந்ததற்கும் மேலே கேட்கும் ஆசை பிறகு வந்தது.

இரண்டு நிறுவனங்கள் கற்ற பாடம்

டர்போ பொருத்திய மகிழுந்துகள் முதன்முதலாக அமெரிக்காவில் 1962-இல் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதன் கதை நம் இளைஞர்கள் அனைவரும் அறிய வேண்டியது.

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை பங்கு அமுக்கப்படுகின்றன என்பதை அமுக்க விகிதம் என்பர். இயல்மூச்சு இயந்திரத்தில் இது அதிகமாக இருந்தால் வலிமை கூடும். டர்போவோ முன்கூட்டியே காற்றை அமுக்கிச் சூடாக்கி அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் தீப்பொறி மூட்டிய சுடர் பரவி வந்து சேருமுன்னரே எஞ்சிய எரிபொருள் தானாக வெடிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பார்கள். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்கு ஒப்பானது அது. சிறிது நேரத்தில் பிஸ்டன் உடைந்துபோகும், உருகுவதும் உண்டு.

ஜெட்ஃபயர் 10.25 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தை வைத்துக்கொண்டே டர்போவையும் பொருத்தியது. வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். அந்தத் தொட்டி காலியானால் வலிமையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். வண்டி சோர்ந்தது, குறைகள் குவிந்தன. 1963-உடன் உற்பத்தி நின்றது. பின்னர்ப் பலருடைய வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் செய்வதற்கு நேர்மாறான மாற்றம்!

இரண்டாவது எடுத்துக்காட்டு ஜெர்மனியின் போர்ஷ. 911 என்ற புகழ்பெற்ற இயல்மூச்சுப் பந்தய மகிழுந்துக்குள் 1974-இல் அந்நிறுவனமே ஒரு டர்போ இயந்திரத்தை வைத்தது. இங்கே அமுக்க விகிதத்தை 6.5-ஆகக் குறைத்தார்கள். 3 லிட்டர் கொள்ளளவிலிருந்து 260 குதிரைத்திறன் கிடைத்தது. இருந்த ஐந்து படிக் கியர் பாக்ஸ் அந்த முறுக்கைத் தாங்காது என்பதால் வலுவான நான்கு படிக் கியர் பாக்ஸைப் புதிதாகச் செய்தார்கள். பின்சக்கரங்களை அகலமாக்கினார்கள். 1978-இல் இயந்திரத்தை 3.3 லிட்டராக்கி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்து 300 குதிரைத்திறனாக உயர்த்தினார்கள். அப்போது பிரேக்குகளையும் தங்கள் 917 பந்தய வண்டியின் வழிவந்தவையாக மாற்றினார்கள். அப்படியும் அந்த வண்டி பலரை வளைவுகளில் ஏமாற்றியது. டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். பிறகு வலிமை ஒரேயடியாக வந்து இறங்கும். அதற்குப் பழகாதவர்கள் சாலையை விட்டு விலகினார்கள். 'விதவையாக்கி' என்ற கொடிய பட்டப்பெயர் அதற்கு ஏற்பட்டது.

உலகின் தேர்ந்த பொறியாளர்கள் கூடி, பணத்தைக் கொட்டிச் செய்த வேலையிலேயே இத்தனை சிக்கல் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

வீரனும் சத்திரியனும் புத்திரனும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். புரோட்டோன் நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தது. அது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்ற ஜப்பானிய மகிழுந்தின் வழிவந்தது. 1993-இல் வந்த வீராவும் அதனைத் தொடர்ந்து வந்த சத்ரியாவும் 1996-இல் வந்த புத்ராவும் அடுத்த தலைமுறை லான்சர், மிராஜ் குடும்பத்தைச் சேர்ந்தவை. வீரா, சத்ரியா, புத்ரா என்னும் மலாய்ப் பெயர்களைக் கேட்டதும் வீரன், சத்திரியன், புத்திரன் என்ற சொற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. எல்லாம் வடமொழி வேரிலிருந்து கிளைத்தவையே. சொற்களுக்குள் உறவு இருப்பதுபோல் வண்டிகளுக்குள்ளும் உறவு இருந்தது. இக்கட்டுரையின் அச்சாணி அந்த உறவுதான்.

1996-இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைக் கையகப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த சத்ரியா ஜிடிஐ-யின் ஓட்டத்தன்மையைச் செம்மைப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியாளர்களே. மூன்று கதவுகள், சிறிய உடல், 1834 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மிட்சுபிஷி 4ஜி93 இயல்மூச்சு இயந்திரம், சுமார் 140 குதிரைத்திறன். வளைவுகளில் அது காட்டிய நிதானத்தை வெளிநாட்டு இதழ்களும் மெச்சின. உள்நாட்டு இளைஞனின் கைக்கு எட்டிய முதல் உண்மையான விளையாட்டு மகிழுந்து என்று அதனைச் சொல்லலாம்.

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. மிட்சுபிஷி 1987-இன் இறுதியில் காலண்ட் விஆர்-4 என்ற வண்டியை வெளியிட்டது. அதில் 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ இயந்திரமும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. 1989-இல் பின்லாந்து, பிரிட்டன் ராலிப் பந்தயங்களில் அது வென்றது. ஆயினும் குறுகிய காட்டுப் பாதைகளுக்கு அதன் உடல் பெரிது, எடை அதிகம் என்று கருதினார்கள். ஆகவே அதன் இயந்திரத்தையும் இயக்க அமைப்பையும் எடுத்துச் சிறிய லான்சரின் உடலுக்குள் வைத்தார்கள். ராலிப் பந்தய விதிப்படி குறைந்தது 2500 வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். இவ்வாறு 1992-இல் பிறந்ததுதான் லான்சர் எவோலூஷன். 250 குதிரைத்திறனில் தொடங்கி, 1994-இல் 260, 1995-இன் மூன்றாம் எவோவில் 270 என்று அது வளர்ந்தது. 1996-இல் டோமி மாக்கினென் தம் முதல் உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றது அந்த மூன்றாம் எவோவில்தான்.

இதைப் படித்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் இளைஞர்கள் கனவு காணும் எவோவே ஓர் இயந்திர மாற்றத்தின் பிள்ளை! பெரிய அண்ணனின் இதயத்தை எடுத்துத் தம்பியின் உடலில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பியின் உடலோடு பிறந்தவர்கள் நம் வீராவும் சத்ரியாவும். அப்படியானால் அதே இதயம் இவர்களுக்கும் பொருந்துமல்லவா? 1990-களில் நம் நாட்டுப் பட்டறைகளில் இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

பாதி வெட்டிய வண்டிகள்

கேள்வி எழுந்தால் போதாது. இயந்திரம் கிடைக்க வேண்டும். உள்நாட்டு வாகனத் தொழிலைக் காக்கும் பொருட்டு நம் நாட்டில் வெளிநாட்டு மகிழுந்துகளுக்கு உயர்ந்த வரிகளும், ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி முறையும் இருந்துவருகின்றன. முழு எவோ ஒன்றை வாங்குவது சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாக் கனி.

ஜப்பானிலோ நிலைமை வேறு. அங்கே 'ஷாக்கென்' எனப்படும் கட்டாய வாகனச் சோதனை உண்டு. புதிய மகிழுந்துக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அதனைச் செய்தாக வேண்டும். வண்டி பழையதாக ஆகச் செலவும் ஏறும். ஆகவே நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவே பிறந்தது 'ஹாஃப் கட்' வணிகம். ஜப்பானில் கைவிடப்பட்ட வண்டியைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றுவார்கள். முழு வண்டியாக வந்தால் அனுமதியும் வரியும் வேண்டும். பாதியாக வந்தால் அது பழைய உதிரிப்பாகம். நம்மூர்களில் 'கெடாய் போத்தோங்' என்று எல்லா இனத்தவரும் சொல்வது இப்பாதிகளை விற்கும் கடைகளைத்தான். மழையில் நனைந்தபடி, முகம் மட்டுமுள்ள வண்டிகள் அங்கே வரிசையாக நிற்பதைக் காணலாம்.

ஏன் இயந்திரத்தை மட்டும் வாங்காமல் பாதி வண்டியையே வாங்க வேண்டும்? நான் சந்தித்த பட்டறைக்காரர் ஒருவர் விரல்விட்டு எண்ணினார். டர்போ இயந்திரத்திற்கென்றே செய்த கியர் பாக்ஸ், எரிபொருளைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்கள், எரிபொருள் அளவைக் கணக்கிடும் கணினிப் பெட்டி, அதற்குரிய வயரிங், இன்டர்கூலர், ரேடியேட்டர், முன்சக்கரத் தண்டுகள், பெரிய முன் பிரேக்குகள். இவை எல்லாம் ஒன்றோடொன்று பழகியவை. இயந்திரத்தை மட்டும் தனியே வாங்கியவர் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அலைவார். கிடைக்காதபோது எதையாவது ஒட்டுப்போடுவார். போர்ஷ பொறியாளர்கள் பல ஆண்டுகள் செய்த வேலையை வேறொருவர் செய்துமுடித்து, பாதி வண்டிக்குள் அடுக்கி அனுப்பியிருக்கிறார் என்பதே அவர் பேச்சின் சாரம். அதோடு ஜப்பானிலும் நம்மைப் போலவே வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுகிறார்கள். அதனால் முன்பாதியின் உறுப்புகள் இங்கே இடம் மாறாமல் பொருந்தின.

சத்ரியா ஜிடிஐ வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, லான்சர் ஜிஎஸ்ஆர் வண்டியின் 4ஜி93 டர்போ. இது ஜிடிஐ இயந்திரத்தின் நேர் உடன்பிறப்பு. அதே 1834 கன சென்டிமீட்டர். ஆனால் குறைந்த அமுக்க விகிதமும் டர்போவும் சேர்ந்து 195 குதிரைத்திறன் தந்தது. இரண்டாவது, முதல் மூன்று எவோக்களின் 4ஜி63 டர்போ. 1996-இல் வந்த நான்காம் எவோவில் மிட்சுபிஷி இயந்திரத்தை 180 பாகை திருப்பி வைத்துவிட்டது. உடலும் அடுத்த தலைமுறைக்கு மாறியது. ஆகவே நம் வண்டிகளுக்கு உறவுமுறை மூன்றாம் எவோவோடு முடிந்தது. அந்த மூன்றாம் எவோவின் முன்பாதிக்கு இன்றளவும் தனி மதிப்பு இருப்பதன் காரணம் இதுவே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கிறது. டர்போ திணிக்கும் காற்றைப் பார்ப்பதில்லை. 140 குதிரைத்திறன் கொண்ட 1834-க்கும் 195 குதிரைத்திறன் கொண்ட 1834-க்கும் வரி ஒன்றே. பந்தய விதிகளை எழுதியவர்கள் இவ்வளவு ஏமாளிகள் அல்லர். 1966 முதல் பார்முலா ஒன் பந்தயத்தில் இயல்மூச்சு இயந்திரத்திற்கு 3 லிட்டர், காற்றை ஊட்டும் இயந்திரத்திற்கு அதில் பாதியான 1.5 லிட்டர் என்று வரையறுத்தார்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு 1977-இல் களமிறங்கிய பிரான்சின் ரெனால்ட், 1979-இல் தன் சொந்த மண்ணில் வென்று காட்டியது.

கடல் கடந்தும் இதே கதை

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். நிசான் நிறுவனம் ஜப்பானில் சில்வியா என்ற அழகிய விளையாட்டு மகிழுந்தை விற்றது. 1991 முதல் அதில் 2 லிட்டர் டர்போ இயந்திரம், 205 குதிரைத்திறன். அதே உடலை அமெரிக்காவில் 240எஸ்எக்ஸ் என்று விற்றபோது 2.4 லிட்டர் இயல்மூச்சு இயந்திரத்தைக் கொடுத்தது. அதே ஆண்டில் அதன் வலிமை 155 குதிரைத்திறன்தான். உடல் ஒன்று, உயிர் வேறு. அமெரிக்க இளைஞர்கள் ஜப்பானிலிருந்து முன்பாதிகளை வரவழைத்தார்கள். தமக்கு மறுக்கப்பட்டதைத் தாமே தேடிக்கொண்டார்கள். தொழிற்சாலை ஓரிடத்தில் தந்ததை வேறோரிடத்தில் தராதபோது பட்டறைகள் பிறக்கின்றன என்பதை இவ்விரு நாடுகளின் வரலாறும் காட்டுகிறது.

நம் நாட்டவர் இவ்வண்டிகளை எத்தனை திறமையாக ஓட்டினர் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் இணைந்து, உற்பத்தி வாகனப் பிரிவில் உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டிய வண்டியின் பெயர் புரோட்டோன் பெர்ட். முத்திரை புரோட்டோனுடையது, உடலும் உயிரும் லான்சர் எவோலூஷனுடையவை. பட்டறை இளைஞர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவந்த கனவு உலக மேடையில் ஏறி நின்றது போலிருந்தது அது.

சட்டமும் கணக்கும்

இனி அந்த அம்மாவின் அச்சத்திற்கு வருகிறேன். அவர் பயம் வீண் பயமன்று.

முதலில் சட்டம். வண்டியின் இயந்திர எண் உரிமைப் பத்திரத்தில் பதியப்பட்டுள்ளது. இயந்திரத்தை மாற்றுபவர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெற்று, வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, புதிய எண்ணைப் பதிய வேண்டும். முன்பாதி முறையாக இறக்குமதி செய்யப்பட்டது என்பதற்கான பத்திரமும் தேவை. அதைச் செய்யாமல் ஓட்டினால் அபராதத்தோடு போய்விடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். தந்தையை இழந்த குடும்பம் வீட்டையும் இழக்க நேரிடும்.

இரண்டாவது கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 100-ஐ 100-ஆல் பெருக்கினால் 10,000. 140-ஐ 140-ஆல் பெருக்கினால் 19,600. வேகம் 40 விழுக்காடு கூடும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இயந்திரத்தை மாற்றிவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விட்டவன் இந்தக் கணக்கில் தோற்றவன். எவோவில் பெரிய பிரேக்கும் வலுவூட்டிய உடலும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. சத்ரியாவில் வலிமை முழுவதும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே இறங்கும். மழைச்சாலையில் அவை நிலத்தைப் பற்ற மாட்டாமல் சுழலும்.

ஜெட்ஃபயர் முதல் எவோ வரையிலான வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. டர்போவை மட்டும் சேர்த்தவர்கள் அதைக் கழற்ற வேண்டி வந்தது. டர்போவோடு சேர்ந்து வேண்டியவற்றையெல்லாம் சேர்த்தவர்களின் வண்டி நிலைத்தது. பாதி வண்டியை வாங்கும் நம் பிள்ளை அந்த 'எல்லாவற்றையும்' தன் கையிலேயே வைத்திருக்கிறான். அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறான், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பணம் தீர்ந்தபோது முதலில் விடப்படுவது பிரேக் என்றார் பட்டறைக்காரர். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. நண்பர்களிடம் சொல்லி மகிழவும் முடியாது.

அவன் வந்தான்

ஒரு வாரம் கழித்து அவனை வீட்டிற்கு அழைத்தேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். ஆரம்பப் பள்ளியில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் மூன்று பாடங்களில் தேறாத பிள்ளை அவன். அந்த நோட்டில் ஒவ்வொரு உறுப்பின் பெயரும் விலையும் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. நான்கு நாள் படித்துத் தெரிந்துகொண்ட அமுக்க விகிதத்தை அவனிடம் சொல்லத் தொடங்கினேன். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்த இரண்டு இடங்களைத் திருத்தினான். என் வகுப்பில் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் அன்று எனக்கு ஆசிரியனாக இருந்தான். உள்ளபடியே எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அன்றைய தேர்வுத் தாள்கள் அளக்காத ஓர் அறிவு அவனிடம் அப்போதே இருந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

பட்டியலைப் படித்தேன். இயந்திரம் முதல் வரியில் இருந்தது. பிரேக் பதினோராவது வரி. சாலைப் போக்குவரத்து இலாகா அனுமதி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"செய்யாதே என்று சொல்லத்தான் உன் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டார்" என்றேன். அவன் பேசாமல் இருந்தான். "நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. இந்தப் பட்டியலை மட்டும் மாற்றி எழுது. அனுமதி முதல் வரி. பிரேக் இரண்டாவது வரி. இந்த இரண்டுக்கும் பணம் சேர்ந்த பிறகு மூன்றாவது வரிக்கு வா."

"அப்படின்னா இன்னும் ஒரு வருஷம் ஆகும் சார்."

"ஆகட்டும்."

அவன் சிரித்தான். கணக்குப் பாடத்தில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன் என்பதை நினைவுபடுத்தினான். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துப் பதினோராவது வரியை அடித்தான்.

அவன் ஓராண்டு பொறுப்பானா என்று நான் அறியேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழு நிம்மதி அவருக்கு ஏற்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தாயின் மனம் அப்படித்தான்.

முடிவாக ஒரு செய்தி. 2004-இல் புரோட்டோன் தன் சொந்த கேம்ப்ரோ இயந்திரத்தை மகிழுந்தில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2011-இன் இறுதியில் எக்சோரா போல்ட், 2012-இல் பிரேவே ஆகிய வண்டிகளில் அதன் டர்போ வடிவம் வந்தது. வெறும் 1.6 லிட்டரில் 138 குதிரைத்திறன். அதாவது ஒரு காலத்தில் சத்ரியா ஜிடிஐ 1.8 லிட்டரில் தந்த அதே வலிமை. 2018-இல் வந்த எக்ஸ்70 வண்டியிலும் 1.8 லிட்டர் டர்போவே இருந்தது. நம் பட்டறைப் பிள்ளைகள் வெட்டிய வண்டிகளில் தேடித் தேடிப் பொருத்தியது இன்று குடும்ப வண்டியில் பொறுப்புறுதியோடு கிடைக்கிறது. அவர்கள் கனவு தவறானதன்று. தொழிற்சாலைக்குச் சில ஆண்டுகள் முன்பே அவர்களுக்கு அது தோன்றிவிட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சாலையில் போன உயிர்களையும் சேர்த்தே இந்த வரலாற்றை நாம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால் உடனே திட்டிவிடாதீர்கள். அவன் பட்டியலை வாங்கிப் படியுங்கள். பிரேக் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பாருங்கள்.